எதிரியாக இருந்த நாட்டில் போய் நம் ஆளுக்கு அஞ்சலி செலுத்த விடாதது நியாயமா?

வாசகர் கேள்வி (18 ஆகஸ்ட், மாலை)

வியட்நாம் போரில் ஆஸ்திரேலியப் படை போட்ட லாங் டான் சண்டையின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்காக 2016 ஆகஸ்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் வியட்நாமில் போய் இறங்கினார்கள். பலர் வயதான பழைய சிப்பாய்கள். விழாவுக்கு முதல் நாள் வியட்நாம் அரசு ‘கிடையாது’ என்று சொல்லிவிட்டது. போர் முடிந்து நாற்பது வருஷம் ஆன பிறகும் செத்தவனுக்கு ஒரு பூ வைக்க விடாதது என்ன பண்பாடு? முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியர்கள் துருக்கியோடு மோதிய கல்லிப்போலியில் துருக்கிக்காரர்கள் எவ்வளவு பெருந்தன்மையாக விடுகிறார்கள்! நான் சொல்வது தப்பென்றால் யாராவது சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட், இரவு 10.40

தப்பே இல்லை. நான் அந்த இடத்துக்குப் போய் வந்தவன். அதனால் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன்.

என்னோடு பல வருஷம் வேலை பார்த்த ஆஸ்திரேலிய நண்பன் ஒருவன் உண்டு. அவன் அப்பா லாங் டானில் இருந்தவர். 1966 ஆகஸ்ட் 18, கொட்டுகிற மழை, ரப்பர் தோட்டம். 108 ஆஸ்திரேலியர்கள் ஒரு பக்கம், அவர்களைப் போலப் பல மடங்கு வியட்நாமியர்கள் எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலியத் தரப்பில் 18 பேர் செத்தார்கள். அப்பா காலமான பிறகு, “அவர் கடைசிவரை போகணும் போகணும்னு சொன்ன இடம், துணைக்கு வா” என்றான். போனேன்.

வுங் தாவில் தங்கி, காரும் வழிகாட்டியும் பிடித்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். தோட்டத்துக்கு நடுவே ஓர் ஆளுயரச் சிமென்ட் சிலுவை. அவ்வளவுதான். செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் இல்லை, கொடிமரம் இல்லை, உட்கார ஒரு பெஞ்சு இல்லை.

நண்பன் பையிலிருந்து அப்பாவின் பதக்கங்களை எடுத்துச் சட்டையில் குத்தப் போனான். வழிகாட்டி ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். பதக்கம் கூடாது, ராணுவ உடுப்பு கூடாது, கொடி கூடாது, உரக்க எதையும் படிக்கக் கூடாது. “பைக்குள்ளேயே இருக்கட்டும் சார்.” நண்பன் பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டே முழு நேரமும் நின்றான். மகன் வந்து நிற்கும்போது அப்பாவின் பதக்கத்தை ஒளித்து வைக்க வேண்டுமா? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

19 ஆகஸ்ட், காலை

திருத்தம். 108 பேரும் ஆஸ்திரேலியர்கள் இல்லை. 105 ஆஸ்திரேலியர்கள், 3 நியூசிலாந்துக்காரர்கள். பீரங்கிகளுக்கு ரேடியோவில் குறி சொன்னவர்கள் அந்த மூன்று பேர். அவர்கள் இல்லையென்றால் மற்றவர்கள் தப்பியிருக்க முடியாது என்று நண்பனின் அப்பாவே சொல்வாராம். இரண்டு நாட்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் உடனே திருத்துகிறேன்.

20 ஆகஸ்ட்

கல்லிப்போலி பெருந்தன்மை என்று நீங்கள் எழுதியது பாதிதான் சரி. நேற்று இரவு கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு யோசித்தேன்.

1923இல் லோசான் ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ், பிரெஞ்சு, இத்தாலியக் கல்லறைகள் இருக்கும் நிலத்தை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கத் துருக்கி கையெழுத்துப் போட்டது. ஆன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைக்கு அப்போதைய சுருக்கப் பெயர்) பகுதியைத் தனியாகப் பெயர் சொல்லியே அதில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அது முதலில் ஒப்பந்தம், பெருந்தன்மை அப்புறம் வந்தது. லாங் டானுக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இன்னொன்று, நம் எல்லோருக்கும் மறந்துபோகிற விஷயம். 2016இல் ‘கிடையாது’ என்று சொன்ன அதே அரசு, இரண்டு பிரதமர்களும் பேசியபின், சின்னச் சின்னக் குழுவாகப் போய் நின்றுவிட்டு வர அனுமதித்தது. அதாவது, ரத்தானது விழா மட்டும்தான். நீங்கள் சொல்வதுபோல் பூ வைக்கக்கூட விடவில்லை என்பது சரியில்லை. நானும் முந்தாநாள் தலையாட்டிவிட்டேன்.

20 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

“துருக்கி அந்தச் சண்டையில் ஜெயித்தது, ஜெயித்தவனுக்கு விட்டுக்கொடுப்பது எளிது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, வியட்நாமும் ஜெயித்த நாடுதான்.

21 ஆகஸ்ட்

கல்லிப்போலிக்கும் போயிருக்கிறேன். அந்தப் படை கரையிறங்கிய நாளான ஏப்ரல் 25இல் கூடுகிற கூட்டத்தில் இல்லை, நவம்பரில். காற்று காதை அறுத்தது. கடற்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் என்னையும் ஒரு பூனையையும் தவிர வேறு யாரும் இல்லை.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நிற்கிற உயரமான வெள்ளைக் கற்கள் இங்கே கிடையாது. மண் இளகிச் சரிகிற நிலம் என்பதால், தரையோடு ஒட்டிய சாய்வான குட்டைக் கற்கள்தான். படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், சிலதற்கு முட்டி போட வேண்டும். செத்தவனின் வீட்டார் அடியில் ஒரு வரி சேர்க்கலாம், இடைவெளியோடு 66 எழுத்துக்குள். எங்கள் அத்தைக்கு 66 எழுத்து விளிக்கவே போதாது. அந்த நெருக்கத்தில் ஒரு தாய் எதைச் சொல்ல முடியும்? சிலர் வேதவாக்கியம் போட்டிருந்தார்கள். சிலர் அவன் வீட்டில் அழைக்கப்பட்ட செல்லப் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். நியூசிலாந்துக் கற்களில் அந்த வரியே இல்லை. எல்லோரும் சமம், காசும் படிப்பும் உள்ள வீட்டார் மட்டும் அழகாக எழுதிக்கொள்ளக் கூடாது என்று அந்த அரசு வேண்டாமென்றுவிட்டது. நியாயம்தான். ஆனாலும் அந்த மொட்டைக் கற்கள் முன்னால்தான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது.

மேலே ஏறினால் துருக்கியரின் 57ஆம் படைப்பிரிவு நினைவிடம். பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகள், கையில் சின்னச் சிவப்புக் கொடிகள். அங்கே வரிசையாக இருக்கும் கற்கள் அடையாளத்துக்கு வைத்தவை. கீழே அந்தந்த ஆள் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. அந்தச் சண்டையில் ஒட்டமான் (அன்றைய துருக்கிப் பேரரசு) தரப்பில் செத்தவர்கள் 86,000க்கு மேல். ஆஸ்திரேலியர்கள் எட்டாயிரத்துச் சொச்சம், நியூசிலாந்துக்காரர்கள் 2,800க்குப் பக்கம். அப்படியிருந்தும் பெயர் வெட்டிய கல் பெரும்பாலும் வந்தவர்களுக்குத்தான். ஊர்க்காரர்கள் மொத்தமாக மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

இதை எழுதும்போதுதான் லாங் டான் தோட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

24 ஆகஸ்ட்

நவீனத் துருக்கியை நிறுவிய அட்டாதுர்க் 1934இல் சொன்னதாகக் கல்லிப்போலிக் கடற்கரையில் ஆரி புர்னுவில் கல்லில் வைத்திருக்கும் வாசகத்தை ஒருவர் முழுசாக எடுத்துப் போட்டிருக்கிறார். தூர தேசத்துத் தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் இப்போது எங்கள் பிள்ளைகள் என்ற பொருளில் வருமே, அதுதான். படித்துக் கண் கலங்காதவர் குறைவு. நானும் அந்த நவம்பர் காற்றில் கலங்கியவன்தான்.

ஆனால் அவர் அப்படிப் பேசினார் என்பதற்கு அந்தக் காலத்துப் பதிவு எதையும் ஆய்வாளர்கள் காணவில்லை. 1953இல் அவருடைய பழைய அமைச்சர் ஒருவர் நினைவிலிருந்து சொன்ன பேட்டியில்தான் அது வெளியே வருகிறது. கல் வைத்தது 1985இல். அதே வருஷம் அந்தக் குடாவுக்கு ஆன்சாக் என்று துருக்கி அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தது. பதிலுக்கு ஆஸ்திரேலியா கான்பெராவில் அட்டாதுர்க்குக்கு நினைவிடம் எழுப்பியது, ஆல்பனி துறைமுக வாயிலுக்கும் அவர் பெயரை வைத்தது. கொடுக்கல் வாங்கல்!

எனக்கு இது தெரிந்தபோது ஏமாந்துவிட்டோமே என்று தோன்றவில்லை. 1985இல் இரண்டு அரசுகளுக்கும் அப்படி ஒரு வாசகம் வேண்டியிருந்தது, கிடைத்தது. இன்னும் பாதிப் பேருக்கு அது வேண்டியிருக்கிறது, எனக்கும்தான்.

25 ஆகஸ்ட்

பெருந்தன்மைக்கும் எல்லை உண்டு என்பதற்கு ஒன்று. 2005 ஏப்ரலில் கல்லிப்போலியில் விடியற்கால அஞ்சலி முடிந்ததும் கூட்டம் போட்டுவிட்டுப் போன குப்பைப் படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வந்து நாறியது. ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்த கூட்டம், காலையில் கல்லறைகளுக்கு நடுவே பாட்டிலும் பிளாஸ்டிக்கும். 2015 நூற்றாண்டுக்குக் குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள், மொத்தமே 10,500 பேர். அதுவும் விருந்தாளி சரியாக நடந்துகொள்ளாததன் விளைவுதான் என்று எழுத வந்தேன். இல்லை, இடம் கொள்ளாது என்பதுதான் முக்கியமான காரணம். வேகமாக முடிவு கட்டுகிற பழக்கம் எனக்கு.

2 செப்டம்பர்

“அப்படியானால் ஹிட்லரின் சிப்பாய்க்கும் பூ வைக்கலாமா?” இது வரும் என்று தெரியும்.

வைக்கிறார்கள். நார்மண்டியில் லா காம்ப் என்ற இடத்தில் 21,000க்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் கிடக்கிறார்கள், பிரெஞ்சு மண்ணில். கருங்கல் நிறத்தில் தடித்த குட்டைச் சிலுவைகள், ஐந்தைந்தாக. அமெரிக்கக் கல்லறையின் வெள்ளைப் பளபளப்பு எதுவும் இங்கே இல்லை. ஆரம்பத்தில் அமெரிக்கர்களையும் அங்கேதான் புதைத்தார்கள், பிறகு அவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே கிடப்பவர்கள் எல்லோரும் அந்தக் கொள்கையையோ சண்டையையோ தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை என்று வாசலில் பலகை சொல்கிறது. ‘எல்லோரும் இல்லை’. எவ்வளவு அளந்து போட்ட சொல் பாருங்கள். சிலர் தேர்ந்தெடுத்தவர்கள்தான், நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ். ஆட்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதை மறைக்கவும் இல்லை, உரக்கச் சொல்லவும் இல்லை.

வோல்கோகிராடுக்குப் பக்கத்தில் ரோசோஷ்காவில் இன்னும் கடினமான கதை. ஸ்டாலின்கிராடில் செத்த ஜெர்மானியர்களுக்கு அங்கே 1999இல்தான் கல்லறைத் தோட்டம் திறந்தார்கள். 1992இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகும் ஏழு வருஷம். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைப் பெரிய பெரிய கருங்கல் கனசதுரங்களில் செதுக்கியிருக்கிறார்கள், லட்சத்துக்கு மேல். சாலைக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் செஞ்சேனைச் சிப்பாய்கள். தன் ஊரை மண்மேடாக்கியவனின் பெயரைக் கல்லில் பார்க்கிற கிழவிக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ரஷ்யா போனதில்லை, அதனால் அந்தக் கிழவி சார்பில் பேச மாட்டேன். ஆனால் 18ஆம் தேதி நான் எழுதிய குறிப்பில் அந்தக் கிழவி எங்கேயும் இல்லை.

9 செப்டம்பர்

கொஞ்சம் சொந்தக் கதை. தலைப்பை விட்டு விலகுகிறது என்று திட்டாதீர்கள், கடைசியில் சேரும்.

என் தாத்தா மலாயாவில் பால்மரம் வெட்டியவர். அவருடைய அண்ணன் 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டு, ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தார். “டெல்லிக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர். மணிப்பூரில், இம்பாலில் செத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். போட்டோ கிடையாது. எங்கள் வீட்டில் அவருக்குத் தேதி தெரியாத திதி, மாளய அமாவாசையில் கொடுத்துவிடுவோம்.

இப்போது சொல்லுங்கள், அவருக்கு எது எதிரி நாடு? எதிரே துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியப் படையின் இந்தியர்கள். காலடியில் இந்திய மண். கூட வந்தவன் ஜப்பானியன். ஜப்பானியனுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. நம்போலுக்குப் பக்கத்தில், செங்குன்று என்கிறார்களே, மைபாம் லோக்பா சிங் குன்றின் அடியில் 1994இல் ஜப்பான் அரசு கட்டியது. 2019இல் பக்கத்திலேயே ஓர் அமைதி அருங்காட்சியகமும் வந்துவிட்டது, ஜப்பானியப் பணத்தில். 1944இல் அந்த மலைகளில் பசியிலும் சீதபேதியிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கில் செத்தவர்களுக்காக வயதானவர்கள் ஜப்பானிலிருந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் அதற்குத் தடையாக இல்லை, கூடவே நிற்கிறார்கள். இம்பால், கொஹிமா கல்லறைகளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்களுக்கும் பெயரும் கல்லும் உண்டு.

ஐஎன்ஏவுக்கு மொய்ராங்கில் நினைவகம் இருக்கிறது, சரி. ஆனால் எங்கள் பெரிய தாத்தா பெயர் எங்கே இருக்கிறது? சிங்கப்பூரில் 1945இல் கடற்கரையோரம் ஐஎன்ஏவுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதே வருஷம் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். செத்த எதிரிக்குக் கல்கூட இருக்கக் கூடாது! அதை நினைத்தால் வியட்நாம் ஒரு சிமென்ட் சிலுவையை நிற்க விட்டிருப்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

15 செப்டம்பர்

மேலே எழுதியதில் தவறு இருக்கலாம். ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார், நானும் தேடிப் பார்த்தேன். 1944இல் இம்பால் பக்கம் போன ஐஎன்ஏ படைகளில் பெரும்பாலோர் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பழைய சிப்பாய்கள். மலாயாத் தோட்டத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்த பிரிவுகளில், 1945இல் பர்மாவுக்குள் சண்டை போட்டவர்கள். அப்படியென்றால் பெரிய தாத்தா இம்பால் வரை வந்தேயிருக்க மாட்டார். ஐராவதிக்கரையில் எங்கோ போயிருப்பார். எழுபது வருஷமாக ‘இம்பால்’ என்று சொல்லிச் சொல்லி நாங்களே அவரை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம் போல. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

16 செப்டம்பர்

சிலுவையைப் பற்றி ஒரு வேடிக்கை. 1969 ஆகஸ்ட் 18 அன்று ஆஸ்திரேலியப் படை நட்ட அசல் சிலுவை அந்தத் தோட்டத்திலேயே தங்கவில்லை. போருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போய்க் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவருக்கு நினைவுச் சின்னமாக வைத்துவிட்டார்கள். சிலுவை சிலுவையாகத்தான் பயன்பட்டது, வீணாகவில்லை! அப்புறம் அங்கிருந்து டோங் நாய் அருங்காட்சியகத்துக்குப் போனது. இப்போது தோட்டத்தில் நிற்பது 1989இல் வைத்த நகல். அசலை 2017இல் வியட்நாம் சத்தமில்லாமல் ஆஸ்திரேலியாவுக்கே கொடுத்துவிட்டது, கான்பெராவில் இருக்கிறது. 2016 விழாவை நிறுத்திய கதை தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரியாது. எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

18 அக்டோபர்

நண்பனோடு நேற்று ஒரு மணி நேரம் போனில் பேசினேன். இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். “ஊதுபத்தி ஞாபகம் இருக்கா?” என்று கேட்டான். அடியோடு மறந்திருந்தேன்.

பதக்க விவகாரம் முடிந்து நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, வழிகாட்டி தன் பையிலிருந்து ஒரு கட்டு ஊதுபத்தி எடுத்தார். மூன்றைக் கொளுத்தி நண்பன் கையில் கொடுத்து, சிலுவை அடியில் குத்தச் சொன்னார். அவன் குத்தினான். அவர் இன்னும் மூன்றைக் கொளுத்திக்கொண்டு எங்களை விட்டு நடந்து, நாலைந்து மரம் தள்ளி ஒரு ரப்பர் மரத்தின் காலடியில் குத்திவிட்டு வந்தார். அங்கே கல் இல்லை, பலகை இல்லை. பால் வடிகிற கோப்பை மட்டும் மரத்தில் கட்டியிருந்தது. ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்த பிறகு ஆஸ்திரேலியர்கள் அந்தத் தோட்டத்தில் எண்ணிப் புதைத்த வியட்நாமிய உடல்கள் 245. உண்மையான கணக்கு என்ன என்று இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியர் உடல் ஒன்றுகூட அங்கே இல்லை, எல்லோரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிலுவை நிற்கிற மண்ணில் கிடந்தவர்கள் வியட்நாமியர்கள் மட்டும். அவர்களில் எத்தனை பேரைப் பிறகு தோண்டி எடுத்தார்களோ. வியட்நாமின் போர்க் கல்லறைகளில் ‘பெயர் தெரியாத தியாகி’ என்ற ஒரே வாசகம் கல்லுக்குக் கல் வரும். அந்த நாட்டில் இன்னும் லட்சக்கணக்கான வீடுகளில் எலும்பு கிடைக்காத பிள்ளைக்குப் படையல் போடுகிறார்கள், எங்கள் மாளய அமாவாசை மாதிரி.

கான்பெராவில் உள்ள சில ஆய்வாளர்கள், அவர்களே அந்தப் போரில் இருந்தவர்கள், ஒரு வேலை செய்தார்கள். ஆஸ்திரேலியப் படையின் பழைய பதிவுகளைக் கிளறி, எந்தச் சண்டையில், எந்த வரைபடப் புள்ளியில் எத்தனை வியட்நாமியர்களைப் புதைத்தோம் என்று எடுத்து வியட்நாமியர்களிடம் கொடுத்தார்கள். செத்தவன் பையிலிருந்து எடுத்து வந்த கடிதம், டைரி, படங்களையும் தேடித் திருப்பிக் கொடுத்தார்கள். அலையும் ஆவிகள் என்று அதற்குப் பெயர். நண்பனுக்கு அது தெரிந்திருக்கிறது. அவன் அப்பாவின் பெட்டியிலும் ஒரு சின்ன நோட்டு இருந்ததாம், வியட்நாமிய மொழியில், மழையில் நனைந்து ஒட்டிப்போனது. அனுப்பிவிட்டான். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த வழிகாட்டி யாருக்குக் கொளுத்தினார் என்றும் நாங்கள் கேட்கவில்லை.

3 நவம்பர்

முதல் கேள்வி கேட்டவர் அடுத்த ஆகஸ்டில் தானே போகப் போவதாகவும் என்ன எடுத்துப் போக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். 18ஆம் தேதியைத் தவிருங்கள், அன்று கெடுபிடி அதிகம். மழைக்கோட்டு கட்டாயம். வழிகாட்டியை வுங் தாவில் முதல் நாளே பேசி வையுங்கள், தோட்டத்துக்குள் நீங்களாக நுழையாதீர்கள். கொடி வேண்டாம். பதக்கம் இருந்தால் பைக்குள் இருக்கட்டும், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஊதுபத்தி வழியிலேயே கிடைக்கும், இரண்டு கட்டு வாங்குங்கள். தீப்பெட்டி நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வழிகாட்டிக்கு மூன்று குச்சி வீணானது.